தெய்வங்கள் விருந்துக்கு வரும் வீடு: கொரியாவின் குத் சடங்கும் அண்டை நாட்டு மரபுகளும்

தெய்வங்களை வரவழைத்து உபசரித்து அனுப்பும் சாமியாட்டச் சடங்குக்குக் கொரியாவில் ‘குத்’ என்று பெயர். ஒரு குடும்பத்துக்காகக் குத் நடக்கும் கூடத்துக்குள் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படுவது வாளோ நடனமோ அல்ல, படையல்தான். அரிசி மாவை அவித்து அடுக்கிய ‘தொக்’ பலகாரம், பேரிக்காய், இலந்தைப் பழம், உலர்த்திய பொல்லாக் மீன், அரிசிச் சாராயம், பெரிய சடங்கானால் ஒரு முழுப் பன்றி என்று மேசை நிறைந்திருக்கும். அதற்குப் பின்னால் சுவரில் தெய்வங்களின் வண்ணப் படங்கள் தொங்கும். உடுக்கைபோல இடை ஒடுங்கிய ‘ஜாங்கு’ மேளத்தை ஒருவர் தரையில் அமர்ந்து கொட்ட, வெண்கலச் சேகண்டியும் கைத்தாளமும் சேர்ந்துகொள்ள, முதாங் எனப்படும் சாமியாடி ஒரு தெய்வத்தின் உடையை உடுத்தி எழுகிறார். பெரும்பாலும் அவர் ஒரு பெண். மரியாதையாக அழைப்பவர்கள் அவரை ‘மன்ஷின்’, அதாவது ‘பதினாயிரம் தெய்வங்கள்’, என்கிறார்கள். இதே பணியைச் செய்யும் ஆணுக்குப் ‘பக்சு’ என்று பெயர்.

குத் பல பகுதிகளாக நடக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ‘கொரி’ என்று பெயர். முழுச் சடங்கைப் பன்னிரண்டு கொரி என்று சொல்வது வழக்கம், ஆனால் உண்மையான எண்ணிக்கை ஊருக்கு ஊர், தேவைக்குத் தேவை மாறும். ஒரு கொரியில் ஒரு தெய்வம் வரும், அல்லது ஒரே இனத்தைச் சேர்ந்த சில தெய்வங்கள் வரும். தெய்வம் மாறும்போது உடையும் மாறும். மலைத் தெய்வம் வந்து போன பிறகு, வெள்ளை அங்கியும் கூம்புத் தலைமூடியுமாகப் பௌத்தத் துறவியின் கோலத்தில் ஜேசொக் வருகிறார். பிள்ளைப்பேறும் ஆயுளும் தருபவராக இன்று வணங்கப்படும் இந்த ஜேசொக் வேறு யாருமல்லர், பௌத்தத்தோடு சீனம் வழியாகக் கொரியா போய்ச் சேர்ந்த இந்திரன்தான். அவருக்குப் பின் வீரத் தளபதிகள் வருவார்கள், அதன் பின் லஞ்சமும் சாராயமும் கேட்டுப் பேரம் பேசும் ‘தேகாம்’ என்ற அதிகாரித் தெய்வம் வந்து கூடத்தையே சிரிக்க வைக்கும். தெய்வம் பேசும் அருள்வாக்குக்குக் ‘கொங்சு’ என்று பெயர். படையலைத் தெய்வம் ஏற்றுக்கொண்டதா என்று அறிய, பன்றியை முச்சூலத்தில் குத்தி அந்தச் சூலத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பார்கள். அது தானாக நின்றால் விருந்தாளிக்கு மனம் நிறைந்தது என்று பொருள்.

விருந்தாளி என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். கொரிய ஆய்வாளர்கள் குத்தின் உள்ளமைப்பை மூன்று சொற்களில் சுருக்குவார்கள்: தெய்வத்தை அழைத்தல், மகிழ்வித்தல், வழியனுப்புதல். உண்மையில் ஒரு நல்ல வீடு விருந்தினரை நடத்தும் முறையே இது. வந்தவருக்கு இருக்கை, உணவு, பாட்டு, அவர் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்டல், கடைசியில் வாசல் வரை போய் வழியனுப்புதல். இதில் எந்தப் படியைத் தவறவிட்டாலும் சடங்கு பலிக்காது. கடைசிப் படியைத் தவறவிடுவது மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் வந்தவர் போகாமல் தங்கிவிட்டால் அதுவே நோயாகும். கொரிய மரபை அதன் வடக்கத்திய உறவுகளிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள இந்த விருந்தோம்பல் இலக்கணமே சரியான தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வடக்கத்திய உறவைப் பற்றித்தான் பெரும்பாலான விளக்கங்கள் முதலில் பேசுகின்றன. ‘ஷாமன்’ என்ற சொல் சைபீரியாவின் எவெங்கி மக்கள் பேசும் துங்குசு மொழியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ரஷ்யர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. பிறகு உலகின் எந்த மூலையில் சாமியாடியைக் கண்டாலும் அந்தப் பெயரையே சூட்டினார்கள். 1951-இல் சமய வரலாற்றறிஞர் மிர்ச்சா எலியாதே அதற்கு ஒரு கறாரான வரையறை தந்தார்: தன் ஆன்மாவை உடலிலிருந்து விடுவித்து வானுலகுக்கோ பாதாளத்துக்கோ பயணம் செய்யக்கூடியவரே ஷாமன், ஒருவர் உடலில் ஆவி புகுந்து பேசுவது அதைச் சார்ந்த இரண்டாம் நிலை நிகழ்வு. சைபீரியச் சான்றுகளுக்கு இது ஓரளவு பொருந்துகிறது. அங்கே ஷாமன் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்டப் பறையைத் தன் கையிலேயே பிடித்துத் தானே அடிக்கிறார். அந்தப் பறைதான் அவர் ஏறிச் செல்லும் கலைமான் அல்லது குதிரை. உடையில் தொங்கும் இரும்புத் துண்டுகளும் தலையில் கிளைத்த கொம்புகளும் அந்தப் பயணத்துக்கான உடலை அவருக்கு உண்டாக்கித் தருகின்றன.

கொரியாவில் மேளம் முதாங்கின் கையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கொட்டுபவர் வேறொருவர், முதாங் அந்தத் தாளத்துக்கு ஆடுபவர். அவர் ஏறிச் செல்ல வாகனம் எதுவும் கிடையாது, ஏனென்றால் அவர் எங்கும் போவதில்லை. வைக்கோல் நறுக்கும் ‘ஜக்தூ’ கத்திகளின் கூர்முனையில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் புகழ்பெற்ற காட்சிகூடப் பயணம் அல்ல, வந்திருப்பது உண்மையான தளபதித் தெய்வம்தான் என்று கூடியிருப்பவர்களுக்குக் காட்டும் சான்று. எலியாதேயின் அளவுகோலை அப்படியே வைத்தால் முதாங் ஷாமனே அல்ல. இந்த முடிவை ஏற்கத் தயங்கிய அறிஞர்கள் பலர், சைபீரிய மரபு தெற்கே வந்தபோது தேய்ந்துபோன வடிவமே கொரிய மரபு என்று சொல்லிப் பார்த்தார்கள். பண்டைக் கொரிய நாடான சில்லாவின் அரசர்களுடைய பொற்கிரீடங்களில் மரக்கிளைபோலவும் மான்கொம்புபோலவும் நிமிர்ந்து நிற்கும் தகடுகளை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். வடக்கோடு பழைய தொடர்பு இருந்திருக்கலாம். சில்லாவின் இரண்டாம் அரசரான நாம்ஹேயின் பட்டமான ‘சாசாவுங்’ என்ற சொல்லுக்குச் சாமியாடி என்று பொருள் என, 1145-இல் தொகுக்கப்பட்ட ‘மூன்று நாட்டு வரலாறு’ என்ற நூல் ஒரு பழைய அறிஞரை மேற்கோள் காட்டுகிறது. எனவே மிகத் தொல்காலத்தில் அரசும் சாமியாட்டமும் ஒரே கையில் இருந்தது என்று நம்ப இடமுண்டு. ஆனால் ஒரு மரபு எங்கிருந்து வந்தது என்பது, அது இப்போது என்ன செய்கிறது என்பதற்கு விடை ஆகாது. தேய்ந்த வடிவம் என்று ஒன்றை அழைத்துவிட்டால், அதன் உள்ளே வளர்ந்திருப்பதைப் பார்க்கும் கண் மூடிக்கொள்கிறது.

பயணம் செய்வதற்கும் வரவழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு கதைகளில் மிகத் தெளிவாகக் காணலாம். சீனத்தின் வடகிழக்கிலுள்ள மஞ்சு மக்களிடையே நிஷான் என்ற பெண் ஷாமனின் கதை வழங்குகிறது. வேட்டைக்குப் போன இடத்தில் இறந்த செர்குதாய் என்ற இளைஞனின் உயிரை மீட்க அவள் பறையோடு பாதாளம் செல்கிறாள். சேவலையும் நாயையும் விலையாகக் கொடுத்து உயிரைப் பெற்றுத் திரும்பும் வழியில் இறந்துபோன தன் கணவனைச் சந்திக்கிறாள். தன்னையும் உயிர்ப்பிக்கும்படி அவன் மிரட்டுகிறான். உடல் அழுகிவிட்டதால் முடியாது என்று மறுத்து, அவனைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறாள். இச்செய்தி மாமியார் வழியே அரசன் காதுக்கு எட்டுகிறது, அவளுடைய பறையும் கருவிகளும் கிணற்றில் போடப்படுகின்றன. கொரியாவின் பாரி இளவரசி கதையும் மறுவுலகப் பயணம்தான். ஆறு பெண்களுக்குப் பின் ஏழாவதும் பெண்ணாகப் பிறந்ததால் பெட்டியில் வைத்து நீரில் விடப்பட்ட அவள், பெற்றோர் சாகக் கிடக்கும்போது உயிர்நீரைத் தேடிப் போகிறாள். அந்த நீரைக் காப்பவனுக்கு மூன்றாண்டு தண்ணீர் இறைத்து, மூன்றாண்டு அடுப்பெரித்து, மூன்றாண்டு விறகு வெட்டி, ஏழு ஆண்பிள்ளைகளையும் பெற்றுக்கொடுத்த பிறகே அவளால் நீரோடு திரும்ப முடிகிறது. வழியில் அவள் எதிர்கொள்வது தன் பெற்றோரின் பாடையை. அவர்களை உயிர்ப்பித்த பிறகு, அரசின் பாதியைத் தருகிறோம் என்றதை மறுத்து, இறந்தவர்களுக்கு வழிகாட்டும் தெய்வமாகிறாள்.

இரு கதைகளிலும் பெண் ஒருத்தி பாதாளம் போய் வருகிறாள். ஆனால் நிஷான் பயணத்தைச் செய்கிற தொழிலாளி, ஒவ்வொரு முறையும் அவளே போயாக வேண்டும். பாரியோ எல்லாருக்காகவும் ஒரே ஒருமுறை போய்வந்தவள். பல ஊர்களில் அவளைத் தங்கள் முதல் மூதாதையாகப் போற்றும் முதாங்குகள், சோல் வட்டாரத்தின் ‘ஜினோகி’ போன்ற இறந்தோர் சடங்குகளில் அவளுடைய கதையை மணிக்கணக்காகப் பாடுகிறார்கள். பாடுகிறவர் நகர்வதில்லை, இறந்தவர் அந்தப் பாட்டின் வழியே நடந்து போகிறார். கொரிய மரபில் பயணம் கதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அண்டை மரபுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

யார் முதாங் ஆகிறார் என்ற கேள்வியில் அண்டை மரபுகள் மீண்டும் நெருங்கி வருகின்றன. ‘ஷின்ப்யோங்’, அதாவது தெய்வ நோய், மருத்துவத்துக்குக் கட்டுப்படாமல் ஒருவரை வாட்டும். உணவு இறங்காது, கனவும் காட்சியும் விடாது, குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பம் வரும். பல ஆண்டுகள் மறுத்துப் போராடிய பிறகு, தெய்வம் தன்னைக் கேட்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ளும்போது ‘நேரிம்குத்’ என்னும் இறக்கச் சடங்கு நடக்கும். அதை நடத்தி வைக்கும் மூத்த முதாங் அவருக்குத் தெய்வ வழித் தாய், புதியவர் மூத்தவருக்குத் தெய்வ வழி மகள். 1931-இல் ஹ்வாங்ஹே மாகாணத்தில் பிறந்து, 17 வயதில் தன் தாய்வழிப் பாட்டியிடமே இச்சடங்கைப் பெற்று, கொரியப் போருக்குப் பின் தென்கொரியாவில் வாழ்ந்து 2019-இல் மறைந்த கிம் கும்ஹ்வா இந்த வழியில் வந்தவர். 1985-இல் மேற்குக் கடற்கரை மீனவர் குத்துக்காக அரசு அவரைப் பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது. இந்த அழைப்பு நோய் சைபீரியாவிலும் உண்டு. ஆவிகள் தன் உடலைத் துண்டாடி மீண்டும் பொருத்துவதாக யாகுத் ஷாமன் கனவு காண்பார். ஜப்பானின் தெற்கே, ரியூக்யூத் தீவுகளில் ஒன்றான ஒகினாவாவில் ‘யுதா’ என்ற குறிசொல்லும் பெண்கள் அனுபவிப்பதைக் ‘கமிதாரி’ என்கிறார்கள். பெயர்தான் வேறு, துயரின் வடிவம் ஒன்றுதான்.

ஆனால் கொரியா முழுவதும் இப்படி இல்லை. தெய்வம் இறங்கிய முதாங் வடக்கிலும் சோல் வட்டாரத்திலும் மிகுதி. தெற்கிலும் கிழக்குக் கடற்கரையிலும் முதாங் என்பது பரம்பரை உரிமை. ஜொல்லா மாகாணத்தின் ‘தங்கோல்’ குடும்பங்களில் மருமகள் மாமியாரிடம் பாட்டும் சடங்கும் கற்பார், ஆண்கள் இசைக்கருவி வாசிப்பார்கள். ஒவ்வொரு தங்கோலுக்கும் இன்ன வீடுகள் என்று ஓர் எல்லை இருந்தது. அறுவடை தோறும் அந்த வீடுகள் தானியம் அளந்தன, அந்த எல்லையை விற்கவும் வாங்கவும் முடிந்தது. இவர்களுக்குத் தெய்வ நோய் வருவதில்லை, தெய்வம் உடலில் இறங்குவதும் இல்லை. கலைதான் இவர்கள் மூலதனம். சினாவி என்னும் சடங்கு இசைக்கும் பான்சோரி என்னும் நெடுங்கதைப் பாட்டுக்கும் இந்தக் குடும்பங்களே வேராக இருந்தன. இந்த இரட்டை அமைப்புக்கு நெருங்கிய துணை வடக்கில் இல்லை, தெற்கே ரியூக்யூத் தீவுகளில் இருக்கிறது. அங்கே பழைய ரியூக்யூ அரசு நியமித்த பரம்பரைப் பூசாரிணி ‘நோரோ’ ஒரு பக்கம், நோய்வழி அழைக்கப்பட்ட யுதா மறுபக்கம். நோரோவை அரசு போற்றியது, யுதாவை ஒடுக்கியது. வடகிழக்கு ஜப்பானில் ஒசொரே மலையில் கோடைத் திருவிழாவின்போது இறந்தோர் குரலில் பேசும் ‘இதாகோ’ பெண்களோ வேறொரு வகை. அவர்கள் மரபாகப் பார்வையற்றவர்கள். சிறுவயதிலேயே ஓர் ஆசானிடம் சேர்க்கப்பட்டுக் குளிர்நீர்க் குளியலும் மனப்பாடமுமாகப் பழகி, பிழைப்புக்காக இத்தொழிலுக்கு வந்தவர்கள். கொரியாவிலும் பார்வையற்றோருக்கு இப்படி ஒரு தொழில் இருந்தது, ஆனால் அது ஆண்களுடையது. ‘பான்சு’ எனப்பட்ட அவர்கள் மந்திர நூல் ஓதிப் பேயோட்டினார்கள். வியட்நாமின் ‘லென் தோங்’ சடங்கில் தெய்வத்துக்குத் தெய்வம் உடை மாற்றி ஆடுவதைப் பார்ப்பவருக்குச் சோல் நகரக் குத் உடனே நினைவுக்கு வரும். நேரடித் தொடர்பு இல்லாமலே ஒத்த வடிவங்கள் தோன்றலாம் என்பதற்கு அதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கோல் மரபின் மிகச் சிறந்த வடிவம் ஜிண்டோத் தீவின் ‘சிட்கிம்குத்’. சிட்கிம் என்றால் கழுவுதல். இறந்தவரின் உடையைப் பாயில் சுருட்டி உடலாக நிறுத்தி, அதன்மேல் ஒரு கிண்ணத்தைத் தலையாக வைத்து, மாசிப்பத்திரி நீர், நறுமண நீர், தூய நீர் என்று மூன்று நீரால் கழுவுவார்கள். அதற்கு முன் ஒரு நீண்ட வெள்ளைத் துணியில் முடிச்சு முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதைத் தங்கோல் பாடிக்கொண்டே ஒவ்வொன்றாக உதறி அவிழ்ப்பார். இறந்தவர் நெஞ்சில் அவிழாமல் கிடந்தவையே அம்முடிச்சுகள். பிறகு வெள்ளைத் துணியை முற்றத்தில் விரித்துப் பிடிக்க, அதுவே பாதையாகும், இறந்தவர் அதன்மேல் அனுப்பி வைக்கப்படுவார். இங்கே யார் மீதும் சாமி இறங்கவில்லை, யாருடைய ஆன்மாவும் வானேகவில்லை. எலியாதேயின் அளவுகோலோ, அதற்கு எதிராக வைக்கப்படும் சாமியாட்ட அளவுகோலோ இதைத் தொடவே முடியாது. ஆனாலும் அழைத்து, தேற்றி, அனுப்பும் இலக்கணம் இதில் மாறாமல் இருக்கிறது. கொரிய மரபின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் கயிறு இதுவே.

வருகிற விருந்தினர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். தளபதித் தெய்வங்களில் முதன்மையானவர் சொய் யோங். கோர்யோ அரசின் கடைசித் தளபதியான அவரை வீழ்த்தி 1388-இல் கொல்வித்த இ சொங்க்யே, நான்கே ஆண்டுகளில் ஜோசன் வம்சத்தை நிறுவினார். வென்றவருடைய வம்சம் 500 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது, தோற்றவருக்குப் பெண்கள் படையல் வைத்தார்கள். அந்த ஆட்சி கன்பூசிய நெறியை அரச நெறியாக்கி, முதாங்குகளைத் தாழ்ந்த வகுப்பில் தள்ளி, தலைநகருக்குள் வரக்கூடாது என்று திரும்பத் திரும்ப ஆணையிட்டு, அதே கையால் அவர்களிடம் வரியும் வசூலித்தது. மூதாதையர் வழிபாடு வீட்டு ஆண்களின் கையில், எழுதி வைத்ததை வாசிக்கும் அமைதியான சடங்கானது. அங்கே மூதாதையர் பேசுவதில்லை. குத்தில்தான் அவர்கள் பேசினார்கள்: பசியோடு வந்தார்கள், மருமகளிடம் மன்னிப்புக் கேட்டார்கள், சொல்லாமல் போனதைச் சொல்லி அழுதார்கள். கொரியாவைக் கைப்பற்றி ஆண்ட ஜப்பானிய ஆட்சி சோல் நகரின் நம்சான் மலையில் தன் ஷிந்தோ ஆலயத்தைக் கட்டியபோது, அங்கிருந்த குக்சாதாங் கோயில் 1925-இல் இன்வாங் மலைக்குப் பெயர்க்கப்பட்டது. 1970-களில் தென்கொரிய அரசின் புதிய கிராம இயக்கம் மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் ஊர்த் தெய்வக் குடில்களை இடித்தது. சோவியத் ஆட்சியில் சைபீரிய ஷாமன்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது உயிர்ச்சேதம் குறைந்த ஒடுக்குமுறை. என்றாலும் ஒரே தலைமுறைக்குள் அதே அரசு குத்தைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகப் பட்டியலிட்டது என்பதை நினைக்கும்போது, இடிக்கப்பட்ட குடில்களுக்காக மனம் வலிக்கத்தான் செய்கிறது.

கொரியாவின் தெற்கே உள்ள ஜேஜு தீவில் இந்த மரபு இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. அங்கே சாமியாடிக்குச் ‘சிம்பாங்’ என்று பெயர். வாள், மணி, குறிபார்க்கும் கருவிகள் ஆகியவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன, அவற்றையே சிம்பாங்குகள் தம் முன்னோராக வணங்குகிறார்கள். சந்திர ஆண்டின் இரண்டாம் மாதத்தில், காற்றின் தெய்வமான யோங்துங் கடல் தாண்டித் தீவுக்கு வருகிறாள் என்பது நம்பிக்கை. முதல் நாள் வரவேற்பு, 14-ஆம் நாள் வழியனுப்பு. மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் ஹேன்யோப் பெண்கள் படையலோடு வந்து அமர்வார்கள், தினை மணிகளை வைத்துக் குறி பார்க்கப்படும், கடைசியில் வைக்கோல் படகு ஒன்று கடலில் விடப்படும். சில்மொரிதாங் கோயிலில் நடக்கும் இந்தக் குத்தை யுனெஸ்கோ 2009-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

அந்தத் தீவில் சிம்பாங்குகளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. 1948 ஏப்ரல் 3-இல் தொடங்கிய எழுச்சியும் அதை அடக்க அரசு நடத்திய படுகொலைகளும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. கொல்லப்பட்டவர்களைப் பற்றி வாய் திறப்பதே பல பத்தாண்டுகளுக்குக் குற்றமாக இருந்தது. கல்லறை இல்லை, உடல் இல்லை, நினைவு நாள் சொல்ல வழியில்லை. ஆனால் வீட்டுக் குத்தில், ‘யோங்கே உல்லிம்’ என்னும் பகுதியில், இறந்தவரின் அழுகை சிம்பாங் வாயில் எழும். எங்கே பிடித்தார்கள், எப்படிச் சுட்டார்கள், எந்தப் பள்ளத்தில் கிடக்கிறேன் என்று அந்தக் குரல் சொல்லும், சுற்றி உட்கார்ந்த பெண்கள் கேட்டு அழுவார்கள். பேசுவது உயிரோடிருப்பவர் அல்லர் என்பதால் எந்தச் சட்டத்தாலும் அதைப் பிடிக்க முடியவில்லை. 1992-இல் தராங்ஷி குகையில் ஒன்பது வயதுக் குழந்தை உட்படப் பதினொரு பேரின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட செய்தி வெளியானபோது, அதிகாரிகள் அவற்றை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்கவைத்தார்கள், கல்லறை என்று ஒன்று அவர்களுக்கு அமையவில்லை. 2003-இல் குடியரசுத் தலைவர் ரோ மூஹ்யோன் அரசின் சார்பில் தீவு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொலைகள் நடந்த இடங்களிலேயே இப்போது குத் நடத்தப்படுகிறது. வெட்டவெளியில் பாய் விரித்து, சோறும் பழமும் சாராயமும் வைத்து, சிம்பாங் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார். பெயர் தெரியாத குழந்தைகளை இன்னாருடைய பிள்ளை என்று தகப்பன் பெயரால் அழைத்து உட்கார வைத்த பிறகுதான் உணவைப் பரிமாறுகிறார்.